பெட்டியோடு பழைய வீடியோ கேம் சேர்ப்பது: சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வீடியோ கேம்களைப் பெட்டி, மேனுவல், உள்தட்டு எல்லாவற்றோடும் சேர்த்து வைக்க ஆசைப்படுபவர்கள் நம் ஊரில் பெருகி வருகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இங்கே இருக்கின்றன. வெளிநாட்டவர் எழுதிய வழிகாட்டிகள் நிறைய கிடைக்கும். அவற்றில் கார்த்திகை மாத ஓதமும் வராது, எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவும் வராது. அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

விளையாடுவதற்கு கேசட் போதுமே, காலிப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

விளையாட மட்டும் என்றால் கேசட்டே போதும். ஆனால் அந்தக் காலத்து கேம் கேசட்டோடு முடிந்துவிடவில்லை. 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. அவ்வளவு சின்ன இடத்தில் கதை சொல்ல வழியில்லை. யார் யாரைக் கடத்தினார்கள், இந்தக் காளான் என்ன செய்யும், எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் மேனுவலில்தான் இருந்தது. திரையில் நாலைந்து சதுரமாகத் தெரிந்த வீரனுக்கு முகம் கொடுத்தது பெட்டியின் மேல் ஓவியம். இரண்டையும் எடுத்துவிட்டால் கேமில் பாதி போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பிளாஸ்டிக் கேசட் எப்படியாவது தப்பிவிடும். அட்டை தப்பாது. வாங்கிய அன்றே கிழித்துப் போடப்பட்டது, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போனது, மழையில் ஊறிப்போனது என்று பெட்டிகள்தான் முதலில் அழிந்தன. அதிலும் நம் ஊரில் விற்ற பெட்டிகளை நாம் காப்பாற்றாவிட்டால் வேறு யாரும் காப்பாற்றப்போவதில்லை.

சென்னையில் அசல் எங்கே இருந்தது? எல்லாமே டூப்ளிகேட்தானே?

பெரும்பாலும் டூப்ளிகேட்தான், மறுக்கவில்லை. 90-களில் நம் வீடுகளில் டிவி கேம் என்று இருந்தவை பெரும்பாலும் ஜப்பானில் 1983-ல் வந்த நின்டென்டோ ஃபேமிகாமின் நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்கள் பலருக்கும் ஞாபகம் இருக்கும். கேசட்டின் மேல் ‘999999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது சில கேம்கள்தான், அவையே திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் அசலும் வந்தது. நின்டென்டோவின் அனுமதியோடு சாமுராய் என்ற பெயரில் ஒரு செட் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் செகா மெகா டிரைவைக் கொண்டுவந்தது. விலை 18,000 ரூபாய். அன்றைக்கு நடுத்தரக் குடும்பம் எட்டிப் பார்க்கவே முடியாத தொகை அது. அதனால் குறைவாக விற்றது, அதனாலேயே இன்று பெட்டியோடு கிடைப்பது அபூர்வம். பிறகு வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர்கள் கொண்டுவந்தவை வந்தன. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் அசல் டிஸ்குகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின.

என் கருத்து இது: நகல் செட்டின் பெட்டியும் சேகரிக்க வேண்டிய பொருளே. அதை அசல் என்று சொல்லி விற்பது மோசடி. அதை அதுவாகவே, ‘லிட்டில் மாஸ்டர், பெட்டியோடு’ என்று வைத்திருப்பது வரலாற்றைக் காப்பது. ஜப்பானியப் பெட்டியைக் காப்பாற்ற ஜப்பானில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் தலைமுறை உண்மையில் தொட்டு விளையாடிய செட்டின் பெட்டி எத்தனை மிச்சம் இருக்கிறது?

புதிதாகத் தொடங்குகிறேன். எதைச் சேர்ப்பது?

பிளேஸ்டேஷன் 2-இல் தொடங்குங்கள். டிவிடி அளவு பிளாஸ்டிக் பெட்டி என்பதால் அட்டையைவிட நன்றாகத் தாங்கும். எண்ணிக்கையும் அதிகம், விலையும் பெரும்பாலும் கைக்கு அடக்கமாக இருக்கும்.

அதிலும் இந்தியாவுக்கென்றே செய்த கேம்களை முதலில் தேடுங்கள். 2009-ல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வந்தது. அதே ஆண்டு, அதே ஊரின் கேம்சாஸ்த்ரா செய்த ‘தேசி அட்டா’வில் கபடியும் கில்லியும் பட்டம் விடுவதும் இருந்தன. 2010-ல் மும்பையின் டிரைன் கேம்ஸ் செய்த ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’. பிளேஸ்டேஷனின் கையடக்க செட்டான பிஎஸ்பி-க்கு 2011-ல் ‘சந்திரகுப்தா: வாரியர் பிரின்ஸ்’. 2013-ல் ‘டான் 2’ கேம் வந்தபோது பிளேஸ்டேஷன் 2 உற்பத்தியே நின்றுவிட்டிருந்தது. உலகின் கடைசி பிளேஸ்டேஷன் 2 கேம்களில் அதுவும் ஒன்று.

இவை பிரமாதமான கேம்கள் என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டில், நம் ஆட்கள், ஒரு கன்சோலுக்கென்று உட்கார்ந்து செய்த தொடக்ககால வேலைகள். பெட்டியின் பின்பக்கம் ரூபாயில் விலை அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம் வரும். இவற்றை இப்போதே எடுத்து வைக்க வேண்டும். பழைய டிஸ்க் என்று குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

எங்கே தேடுவது?

ரிச்சி தெருவில் புதுச் சரக்குக் கடைகளை விட்டுவிட்டு, சந்துக்குள் இருக்கும் சர்வீஸ் கடைகளில் விசாரியுங்கள். கன்சோல் பழுது பார்ப்பவர்களிடம் வாடிக்கையாளர் திரும்ப வாங்காமல் விட்ட செட்டுகளும், அவற்றோடு வந்த பெட்டிகளும் மாடியில் கிடக்கும். ‘ஓடாவிட்டாலும் பரவாயில்லை, பெட்டி இருந்தால் போதும்’ என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே மாறும்.

பர்மா பஜார் 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக அமைந்தது. வெளிநாட்டு எலக்ட்ரானிக் சரக்குக்கு அதுதான் வாசல். இன்று அங்கே பழைய கேம் நேரடியாகக் கிடைப்பது கடினம். ஆனால் நீண்ட காலம் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளிடமும் பாய்களிடமும் விவரம் கிடைக்கும். யார் மொத்தமாக வாங்கினார்கள், மிச்சச் சரக்கு எந்தக் குடோனுக்குப் போனது என்பதை அவர்கள் மறப்பதில்லை. அவசரப்படாமல் ஒரு டீ குடித்துவிட்டுப் பேசுங்கள்.

1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அந்தப் பழம்பொருள் வியாபாரம் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனது. பழைய புத்தகக் கடைகளில் மேனுவல்கள் சில நேரம் கிடைக்கும். புத்தகம் என்று நினைத்துப் புத்தகத்தோடு அடுக்கியிருப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல இடம் சொந்தக்காரர் வீட்டுப் பரண். வீடு மாற்றுபவர்கள், பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுப்பவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்கள் ஆகியோரிடம் சொல்லி வையுங்கள். அப்படி ஒரு மாமாவோ அத்தையோ எடுத்துக் கொடுத்தால், இதற்கு இன்ன மதிப்பு இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு வாங்குங்கள். தெரியாதவரிடம் குறைத்து வாங்கிய பொருளை அலமாரியில் வைத்துப் பார்க்க நன்றாக இருக்காது.

‘லூஸ்’, ‘ஃபுல் செட்’, ‘சீல்’ என்கிறார்களே, வித்தியாசம் என்ன?

லூஸ் என்றால் கேசட்டோ டிஸ்கோ மட்டும். ஃபுல் செட் என்றால் பெட்டி, மேனுவல், உள்தட்டு, வரைபடமோ போஸ்டரோ இருந்தால் அதுவும். சீல் என்றால் தொழிற்சாலை உறை பிரிக்காதது. விற்பவர் ஃபுல் செட் என்று சொல்லும்போது உள்தட்டைக் கேளுங்கள். நின்டென்டோவின் கையடக்க செட்டான கேம் பாய்க்கு வந்த கேம் பெட்டிக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தட்டு இருக்கும், பலருக்கும் அது இருந்ததே தெரியாது.

அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அச்சைப் பாருங்கள். சௌகார்பேட்டையில் நகை வேலை செய்பவர்களும் வாட்ச் ரிப்பேர்காரர்களும் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆஃப்செட் அச்சகத்தில் அச்சிட்ட அசல் அட்டையில் நிறப்புள்ளிகள் ஒழுங்காக, சின்னப் பூப்பூவாக வட்டம் கட்டியிருக்கும். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்த நகலில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். சிறு எழுத்துகள் ஒரே அழுத்தமான கறுப்பாக இருக்க வேண்டும். எழுத்தே புள்ளிகளால் ஆனது போலத் தெரிந்தால் ஸ்கேன் எடுத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பிளேஸ்டேஷன் 2 டிஸ்கைத் திருப்பிப் பாருங்கள். அசல் டிவிடி வெள்ளியாக இருக்கும். சிடியில் வந்த சில கேம்களின் அடிப்பக்கம் நீலம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஊதா சாயல் அடித்தால் ரைட்டரில் எழுதியது. நடு வளையத்தில் பொடி எழுத்தில் குறியீடுகள் இருக்க வேண்டும். பெட்டியின் முதுகில் இருக்கும் எண்ணும் டிஸ்கில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். நமக்கு வந்த, நம் ஊர் டிவி முறையான பால் (PAL) வகை கேம்களில் அது எஸ்.எல்.இ.எஸ். அல்லது எஸ்.சி.இ.எஸ். என்று தொடங்கும். எஸ்.எல்.யு.எஸ். என்றால் அமெரிக்கப் பதிப்பு. அது அசலாகவே இருக்கலாம், ஆனால் நம் ஊர் மெஷினில் ஓடாது.

பிளேஸ்டேஷன் 1 டிஸ்கின் அடிப்பக்கம் கறுப்பு. கறுப்பாக இருந்தாலே அசல் என்று நம்பிவிடாதீர்கள், கறுப்பு வெற்று டிஸ்குகளும் விற்றன. அங்கேயும் நடு வளையத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அதிகம் ஏமாறும் இடம் கேம் பாய் அட்வான்ஸ், அதிலும் போகிமான். அசல் கேசட்டின் லேபிளில் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்திப் பதித்திருக்கும். சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். கீழே ஊசிகளுக்கு மேல், போர்டின் விளிம்பில் நின்டென்டோ பெயர் சின்னதாகத் தெரியும். திருகு மூன்று இதழ் வாய் உள்ளதாக இருக்கும். இந்த மூன்றில் ஒன்று மட்டும் சரியாக இருந்தால் போதாது, போலி செய்பவர்களும் தேறிவிட்டார்கள்.

பழைய டிவி கேம் கேசட்டைத் திறந்தால் சிப்புக்குப் பதில் கறுப்பாக ஒரு பசைச் சொட்டு இருந்தால் பெரும்பாலும் அது நகல்.

பெட்டியின் மேல் ஒட்டிய விலை ஸ்டிக்கரைப் பிய்க்கலாமா?

வேண்டாம். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்துவிடச் சொல்லும். நமக்கு அது பொருந்தாது. இறக்குமதியாகும் பொட்டலப் பொருளில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்பது நம் சட்டம். அந்தச் சின்ன வெள்ளை ஸ்டிக்கர்தான் இந்தப் பெட்டி இந்தியாவுக்கு முறையாக வந்து, இன்ன விலைக்கு விற்றது என்பதற்கு ஒரே சாட்சி. அதே கேம் லண்டனிலும் கிடைக்கும், அந்த ஸ்டிக்கரோடு கிடைக்காது. வாடகைக் கடைக்காரர் பேனாவால் எழுதிய எண்ணையும் அப்படியே விடுங்கள்.

அட்டைப் பெட்டி மேல் செலோடேப் இருந்தால் அதையும் இழுக்காதீர்கள். மேல் அச்சு டேப்போடு உரிந்து வந்துவிடும்.

சென்னை வெக்கையிலும் ஈரத்திலும் எப்படிப் பாதுகாப்பது?

சேகரிப்பில் பாதி வேலை இதுதான். அட்டைக்கு ஏற்ற ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். நம் ஊரில் மழைக்காலத்தில் 80-ஐத் தாண்டும். சின்ன ஈரமானி ஒன்று அலமாரிக்குள் இருக்கட்டும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்போது பூஞ்சை வந்துவிட்டிருக்கும்.

இடம் தேர்வு செய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தரைத்தளத்தில் கீழ்த்தட்டு வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, பரணில் வைக்கலாமா என்றால், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் கோடையில் கொதிக்கும். பசை இளகும், டிஸ்க் பெட்டி வளையும். மழையடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஓதம் ஏறும். உள்சுவரை ஒட்டி, இடுப்புக்கு மேல், வெயில் படாத இடம்தான் சரி. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு விரல் இடம் விடுங்கள். வெயில் பட்டால் முதலில் போவது சிவப்பு நிறம்.

ஒவ்வொரு அட்டைப் பெட்டிக்கும் தெளிவான பெட் (PET) பிளாஸ்டிக் உறை போடுங்கள். பிவிசி உறை வேண்டாம். அதில் கலந்திருக்கும் மென்மையாக்கி நாளடைவில் கசிந்து அச்சில் ஒட்டிக்கொள்ளும். பெரிய மூடி போட்ட டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, நிறம் மாறியதும் ஓவன் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவை அடிக்கடி திறந்தால் பயன் இல்லை.

பூச்சிகளில் கரப்பானைவிட மோசம் ராமபாணப் பூச்சி. அதற்கு ஸ்டார்ச் பிடிக்கும், பெட்டியின் பசையும் மேனுவல் தாளும் நல்ல சாப்பாடு. இங்கே ஒரு எச்சரிக்கை: பாச்சை உருண்டை வைக்காதீர்கள். பிளேஸ்டேஷன் 1 டிஸ்கின் கண்ணாடி போன்ற பெட்டி பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், பாச்சை உருண்டையின் நாப்தலீன் ஆவி அதை மங்கவும் இளகவும் செய்யும். ஓலைச்சுவடிக் கட்டுக்கு வசம்பு வைப்பது நம் பழைய வழக்கம். காய்ந்த வசம்பைத் துணியில் முடிந்து, அட்டையில் படாமல் ஒரு மூலையில் வைக்கலாம். வசம்பு இருக்கிறது என்று தூசி தட்டுவதை நிறுத்திவிடாதீர்கள்.

பெட்டி நனைந்தே விட்டது. என்ன செய்ய?

இரண்டு நாளுக்குள் கவனித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதற்கு மேல் பூஞ்சை வந்துவிடும். வெயிலில் காயப் போடாதீர்கள், சூடான காற்றும் வேண்டாம். இரண்டிலும் அட்டை முறுக்கிக்கொள்ளும். பெட்டியைச் சுற்றியும் உள்ளேயும் வெள்ளைத் தாள் வைத்து, ஃபேன் காற்றில் விட்டு, தாள் ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும். வழவழப்பான தாளில் அச்சிட்ட மேனுவல் காய்ந்தால் ஒரே கட்டியாக ஒட்டிவிடும். ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைத்துப் பிரித்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டால், மீதியை ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சை வளராது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

சீல் பிரிக்காத கேம் லட்சக்கணக்கில் போகுமாமே?

2021 ஜூலையில் அமெரிக்காவில் சீல் பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ 64 ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது உண்மை. அந்தக் கேம் சுமார் 1.2 கோடி பிரதிகள் விற்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த விலை கேமுக்கு இல்லை. அந்த ஒரு பெட்டியின் உறை மிக நல்ல நிலையில் இருப்பதாகத் தரச்சான்று நிறுவனம் கொடுத்த மதிப்பெண்ணுக்கு. அதை மனதில் வைத்து நம் ஊரில் விலை சொல்பவர்களிடம் வாங்க வேண்டாம். கேட்கும் விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள்.

சீல் பிரிப்பதா வேண்டாமா என்றால், நம் ஊரில் மறுஉறை போட்டு விற்பது சுலபம் என்பதால் சீலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க நான் யோசிப்பேன். மேனுவலைப் புரட்டிப் பார்க்கக்கூடிய ஃபுல் செட்தான் எனக்குப் பிடிக்கும்.

ஜப்பானிலிருந்து செட் வாங்கினால் இங்கே ஓடுமா?

பிளக்கில் நேராகச் செருகிவிடாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். ரிச்சி தெருவில் கிடைக்கும். ஃபேமிகாம் கேசட்டில் 60 ஊசி, அமெரிக்க, ஐரோப்பிய நின்டென்டோ கேசட்டில் 72. ஒன்று மற்றதில் நுழையாது. நம் லிட்டில் மாஸ்டர் வகை செட்டுகள் பெரும்பாலும் 60 ஊசி. வாத்து சுடும் துப்பாக்கி எல்.இ.டி. டிவியில் வேலை செய்யாது, பழைய படக்குழாய் டிவி வேண்டும். சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கணக்குப் போட்டபின் ஆர்டர் செய்யுங்கள்.

சேவ் செய்தது நிற்கவில்லையே?

உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். கேசட்டைப் பொறுத்து சிஆர் 2032, 2025 அல்லது 1616. தகடு வைத்துப் பற்றவைத்த பேட்டரி என்பதால் சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். கழற்றியதும் பழைய சேவ் போய்விடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டி கிடைக்கவில்லை. புதிதாக அச்சடித்துப் போட்டுக்கொள்ளலாமா?

உங்கள் அலமாரிக்கு என்றால் தாராளமாக. ஆனால் உள்மடிப்பில் ‘மறுபதிப்பு’ என்று அழியாத மையில் எழுதிவிடுங்கள். நாளைக்கு அது யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

பதிவேடு வைக்க வேண்டுமா?

அவசியம். எந்தக் கடையில், யாரிடம், என்ன விலைக்கு, என்ன நிலையில் வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பெட்டியின் ஆறு பக்கமும், ஸ்டிக்கர், மேனுவல் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், கோப்பு டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். பெட்டியை ஸ்கேனருக்காகப் பிரித்துத் தட்டையாக்காதீர்கள், மடிப்பு வெடித்துவிடும். ஒவ்வொரு பக்கமாக வைத்து எடுத்தாலே போதும். எடுத்ததை ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, ஊருக்கு வெளியே இருக்கும் அண்ணனிடமோ நண்பரிடமோ ஒரு பிரதி.